மீட்கப்பட்டவருக்கு அரசுப் பணம் வந்து சேரும் வழி: முதல் இரவிலிருந்து பாஸ்புக் வரை

நான் துணைச் சட்டத் தன்னார்வலர். ஆள்கடத்தலில் சிக்கி மீண்டவர்களைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதுதான் என் வேலையில் பாதி. செங்கல் சூளையிலிருந்து வந்த குடும்பங்கள், ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்கள், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி வேறு எதற்கோ கொண்டுபோகப்பட்ட பெண்கள் என்று பலரோடும் போயிருக்கிறேன். இவர்கள் மீண்டு எழுவதற்காக மத்திய, மாநில அரசுகள் பணம் ஒதுக்கியிருக்கின்றன. அந்தப் பணத்தின் ஒவ்வொரு பங்கும் ஏதாவது ஒரு காகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை மீட்பு நடந்த முதல் சில நாட்களில் எழுதப்படுபவை. அப்போது எழுதாமல் விட்டால், பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

மீட்கப்பட்டவரின் உறவினர், ஊர் ஆசிரியர், தன்னார்வலர் என்று பக்கத்தில் நின்று உதவப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு அலுவலக நடைமுறையையும் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்

கடன், முன்பணம் என்ற பெயரில் ஒருவர் அடைபட்டு வேலை செய்திருந்தால், அவர் கொத்தடிமைத் தொழிலாளர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சங்கிலியோ பூட்டிய கதவோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. வாங்கிய கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ, வெளியே போய்வரும் சுதந்திரத்தையோ இழந்திருந்தால், அல்லது கூலியே இல்லாமலோ பேருக்குக் கொஞ்சம் கூலிக்கோ உழைத்திருந்தால் அது போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

விசாரிக்க வரும் அதிகாரி பெரும்பாலும் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டராக இருப்பார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கி, கொத்தடிமை என்று தெரிந்ததும் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார். இந்த ஒரு தாள்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் சாவி. வயது வந்த ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும்கூட, தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். குடும்பத் தலைவர் பேரில் ஒன்று போட்டுவிட்டு மற்றவர்கள் பேரைக் கீழே எழுதிவிடுவது உண்டு. அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சூளையில் கணவர் மண் மிதிக்க, மனைவி கல் அறுத்திருந்தால், மனைவியும் தன் பங்குக்குக் கொத்தடிமையாக இருந்தவர்தான். அவருக்கு வரவேண்டிய தொகை கணவருக்கு வருவதைவிட அதிகம். அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு குடும்பத்தை என்னால் மறக்க முடியாது. சூளையிலிருந்து இரவோடு இரவாக மீட்டு, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். கோப்பில் 'சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கப்பட்டனர்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். சான்றிதழ் யார் கையிலும் இல்லை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே குடும்பம் வேறொரு சூளையில் புது அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவறு அவருடையதா என்ன? விடுவித்துவிட்டு மறுவாழ்வு கொடுக்காமல் விட்டால் பழைய நிலைக்கே திரும்பப் போவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் நீரஜா சௌத்ரி வழக்கில் எச்சரித்ததை அன்று கண்ணால் பார்த்தேன்.

வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் மீட்கப்பட்டவர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தக் கடனையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இரண்டு, 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது, தொழிலாளியுடையது இல்லை. இவை தெரியாததால்தான் பலர் 'முதலாளி நல்லாத்தான் பார்த்துக்கிட்டாரு' என்று பயத்தில் சொல்லிவிடுகிறார்கள். முதலாளியின் ஆட்கள் அதே வராந்தாவில் நின்றால் உண்மை வெளியே வராது. தனி அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: உடனடி உதவித் தொகை

கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுக்கான மத்தியத் திட்டத்தின்படி, மீட்கப்பட்டவருக்கு மாவட்ட நிர்வாகம் 30,000 ரூபாய் வரை உடனடியாகக் கொடுக்கலாம். வழக்கு எந்த நிலையில் இருந்தாலும், தண்டனை வராவிட்டாலும் கொடுக்கலாம். முன்பு 20,000 ஆக இருந்தது இது. சிலர் இன்னும் பழைய தொகையையே சொல்வார்கள். பணிவாக, ஆனால் உறுதியாகத் திருத்துங்கள்.

'மேலிருந்து நிதி வரவில்லை' என்று சொன்னால், ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் பொறுப்பில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதியாக இருக்க வேண்டும் என்று அதே திட்டம் சொல்வதை நினைவூட்டுங்கள். முதலில் அதிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு மத்திய அரசிடம் வாங்கிக்கொள்வதற்காகத்தான் அந்த நிதி. 'மாவட்டக் கொத்தடிமை மறுவாழ்வு நிதியிலிருந்து உடனடி உதவி வழங்கக் கோருகிறேன்' என்று மனுவில் அந்தப் பெயரையே எழுதிவிடுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கோப்பு நகர்கிறது. இது என் அனுபவம்.

மூன்றாம் படி: தலைக்கு மேல் ஒரு கூரை

பணத்தைவிட இது சில நேரம் அவசரம். மீட்கப்பட்டவர் எல்லோருக்கும் வீடு பாதுகாப்பான இடமாக இருக்காது. விற்றதே வீட்டில் ஒருவராக இருக்கலாம்.

பெண்கள் என்றால் 181 மகளிர் உதவி எண். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாக ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், சட்ட உதவி, மனநல ஆலோசனை ஆகியவை அங்கேயே கிடைக்கும். இந்த மையங்கள் முழுவதும் மத்திய அரசுப் பணத்தில் நடப்பவை. அதற்குப் பிறகு நீண்ட நாள் தங்க சக்தி சதன் இல்லங்கள் இருக்கின்றன. கடத்தலில் மீண்டவர்களுக்காக 2007இல் தொடங்கிய உஜ்ஜவலா திட்டமும், ஆதரவற்ற பெண்களுக்கான ஸ்வாதார் கிரஹ் திட்டமும் சேர்ந்து, 2022 முதல் மத்திய அரசின் மகளிர் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் சக்தி சதன் ஆகிவிட்டன. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் பணம் வருகிறது. ஆக, அங்கே தங்குவதற்கு யாரும் கையேந்தத் தேவையில்லை. தங்க வைப்பது அரசின் கடமை.

குழந்தை என்றால் 1098 உதவி எண். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும். எங்கே தங்குவது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்வது அந்தக் குழுதான். குடும்பத்தோடு சேர்த்து வைத்த பிறகு, குழந்தை படிப்பைத் தொடர மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. இதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பையனை வீட்டில் விட்டுவிட்டு வரும்போது இந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வருஷம் அவன் மறுபடி ஆட்டு மந்தைக்குப் போகாமல் இருக்க அந்த 4,000 பெரிய தடுப்பு.

நான்காம் படி: எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு என்று பாருங்கள்

எஃப்.ஐ.ஆரின் (முதல் தகவல் அறிக்கை) நகல் இலவசம். வாங்கி, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று உட்கார்ந்து படியுங்கள். ஆள்கடத்தலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. அப்படிக் கடத்தப்பட்டவரைச் சுரண்டியதற்கு 144. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370, 370 ஏ. இவற்றோடு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேர்ந்திருக்க வேண்டும். மீட்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராகவும், குற்றம் செய்தவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும்.

அடிதடி, மிரட்டல் என்று மட்டும் பதிவாகியிருந்தால், கடத்தலுக்கென்று உள்ள உதவிகளைக் கேட்கும்போது 'வழக்கில் அப்படி இல்லையே' என்ற பதில்தான் வரும். வன்கொடுமைச் சட்டம் சேர்ந்தால் நிவாரணம் தவணையாக வரத் தொடங்கும்: வழக்குப் பதிவானதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் ஒரு பங்கு, தீர்ப்பின்போது மீதி. இதற்குச் சாதிச் சான்றிதழ் தேவை. இருளர் குடும்பங்களில் பலரிடம் அது இருக்காது. தாசில்தார் அலுவலகத்திலும் சப் கலெக்டர் அலுவலகத்திலும் அதற்கான விண்ணப்பத்தை அன்றே போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட அதிக நாள் இழுப்பது இதுதான்.

ஐந்தாம் படி: பெரிய தொகை

இனி முக்கியமான பகுதி. கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டம் 1978இல் தொடங்கியபோது ஒருவருக்கு 4,000 ரூபாய். 2000இல் 20,000. 2016இல் முழுக்க மாற்றி எழுதினார்கள். மாநில அரசு பங்கு போடத் தேவையில்லை, மத்திய அரசே முழுத் தொகையும் தரும் என்று ஆனது. இப்போதைய வகைகள் இவை.

வயது வந்த ஆணுக்கு 1 லட்சம். ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது மாத வருமானம் தரும் வைப்புத் திட்டத்தில் போடலாம். அது அவர் விருப்பம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். பிச்சையெடுக்க வைக்கப்பட்ட குழந்தைகளும் இதில் அடக்கம். குறைந்தது 1,25,000 வைப்புத் திட்டத்தில், 75,000 வங்கிக் கணக்கில்.

திருநர்கள், மாற்றுத்திறனாளிகள், பாலியல் சுரண்டலிலிருந்தும் கடத்தலிலிருந்தும் மீட்கப்பட்ட பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு 3 லட்சம். குறைந்தது 2 லட்சம் வைப்பில், 1 லட்சம் கணக்கில். மிக மோசமான நிலையில் இருந்தவர் என்று கலெக்டர் கருதினால் வேறு ஒருவரையும் இந்த வகையில் சேர்க்கலாம்.

இந்த மூன்றாவது வகை பெரும்பாலும் யாரும் தொடாமலே கிடக்கிறது. பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்ட பெண்ணை மீட்கும்போது போலீஸ் ஒரு பக்கம் வழக்குப் போடும், இல்லம் ஒரு பக்கம் தங்க வைக்கும். ஆனால் அவரும் கடனுக்காக அடைத்து வைக்கப்பட்டவர்தான், அவருக்கும் விடுதலைச் சான்றிதழ் வேண்டும் என்று ஆர்டிஓவிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. 'உன்னை வாங்க இவ்வளவு கொடுத்தேன், அதை அடைத்துவிட்டுப் போ' என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியமே கொத்தடிமைக் கடனுக்கான சான்று. வாக்குமூலத்தில் அது அவர் சொன்ன வார்த்தையிலேயே பதிவாக வேண்டும்.

'தண்டனை கிடைத்தால்தான் பணம்' என்று ஒரு பேச்சு எல்லா அலுவலகங்களிலும் உலவுகிறது. முழுத் தொகைக்கும் வழக்கின் முடிவுக்கும் திட்டத்தில் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் விசாரணை முடியாவிட்டாலும், கொத்தடிமையாக இருந்ததற்கு முகாந்திரம் உண்டு என்று கலெக்டர் முடிவுக்கு வந்திருந்தால், தண்டனை விவரம் இல்லை என்ற காரணத்துக்காகப் பரிந்துரையை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். கொத்தடிமைச் சட்டத்தில் சுருக்க விசாரணைக்கு வழி இருக்கிறது என்பதையும் சேர்த்து, விசாரணையை விரைந்து முடிக்கக் கேளுங்கள்.

பணத்தோடு வீட்டுமனை, வீடு, நிலம், கறவை மாடு, ரேஷன் அட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவையும் இந்தத் திட்டத்தில் உண்டு. இவற்றைத் தனி மனுவாகக் கொடுங்கள். ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினால், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் அது ஒரு மேசையிலேயே தங்கிவிடும்.

ஆறாம் படி: சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு

இது மறுவாழ்வுத் தொகையிலிருந்து வேறு. மறுவாழ்வுத் திட்டத்தின் பலன்கள் மற்ற திட்டங்களில் கிடைப்பவற்றுக்கு மேலதிகமானவை என்று திட்டமே சொல்கிறது. அதனால் 'ஒன்று வாங்கிவிட்டீர்களே' என்று சொன்னால் பின்வாங்க வேண்டாம். இழப்பீட்டு மனுவில் மட்டும், ஏற்கெனவே வாங்கியது எதுவோ அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

இழப்பீட்டுக்கு அடிப்படை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357 ஏ. விண்ணப்பம் கொடுக்கும் இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத நிலை என்றால் இடைக்கால நிவாரணம் கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்கு 2013ஆம் ஆண்டின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. பெண்களுக்குத் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் முக்கியம். பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் என்று அது வரையறுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் குற்றம் நடந்ததிலிருந்தோ வழக்கு விசாரணை முடிந்ததிலிருந்தோ மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. கிடைத்த தொகையில் 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு வைப்பில் போகும், 25 சதவீதம் உடனே எடுக்கலாம். சிறுமியாக இருந்தால் 80 சதவீதம் 18 வயது ஆகும்வரை வைப்பில் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'ஏமாத்திட்டாங்க' என்று பிறகு மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் தர வேண்டும்.

இதே ஆணைக்குழுவில் வழக்கறிஞரும் இலவசம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஆள்கடத்தலுக்கோ கட்டாய உழைப்புக்கோ ஆளானவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி தரச் சொல்கிறது. தொலைபேசி எண் 15100.

ஏழாம் படி: வங்கிக் கணக்கு என்ற சின்ன விஷயம்

சின்னது என்று நினைத்துத்தான் நானும் முதலில் விட்டேன். ஒரு பெண்ணுக்குத் தொகை அனுமதியாகி, அனுப்பப்பட்டு, திரும்பிப் போய்விட்டது. விடுதலைச் சான்றிதழில் அவருடைய அப்பாவின் இனிஷியல். பாஸ்புக்கில் கணவருடையது. ஆதாரில் இனிஷியலே இல்லை. அந்தக் கணவர்தான் அவரைக் கடத்தலுக்கு அனுப்பி வைத்தவர். ஒரு எழுத்துக்காக அந்தக் கணவர் பேரை மறுபடி மறுபடி ஒவ்வொரு மேசையிலும் அந்தப் பெண் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான்: சான்றிதழ் எழுதும்போதே ஆதாரை எடுத்து நீட்டுவேன். ஆதார் இல்லை என்றால், அவர் என்ன பெயரில் அழைக்கப்பட விரும்புகிறார் என்று முதலில் கேட்டு, அந்தப் பெயரிலேயே எல்லாவற்றையும் தொடங்குவேன்.

கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம். பழைய கணக்கின் ஏடிஎம் அட்டை முதலாளியிடமோ தரகரிடமோ சிக்கியிருக்கலாம், அதைத் தொடாமல் புது ஜன்தன் கணக்கு தொடங்குங்கள். கைபேசி எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும். தரகரின் எண்ணுக்கு வங்கிக் குறுஞ்செய்தி போனால் பணம் வந்த சேதி முதலில் அவனுக்குத்தான் தெரியும்.

கோப்பில் இவை எப்போதும் இருக்கட்டும்: விடுதலைச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்று, மருத்துவச் சீட்டுகள், ரேஷன் அட்டை. ஐந்தைந்து நகல். மூலச் சான்றிதழை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கோப்பு நின்றுவிட்டால்

நிற்கும். அப்போது என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது எண் இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். ஒரு மாதம் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போதும்: என் மனு இன்று எந்த அலுவலரிடம் இருக்கிறது, மாவட்ட மறுவாழ்வு நிதியில் இருப்பு எவ்வளவு, இந்த ஆண்டு எத்தனை பேருக்கு உடனடி உதவி கொடுக்கப்பட்டது. 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும்.

அப்புறம், கண்காணிப்புக் குழு. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் அது இருக்க வேண்டும். மாவட்டக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த மூன்று பேர், சமூகப் பணியாளர் இரண்டு பேர், வங்கித் தரப்பில் ஒருவர் உண்டு. மறுவாழ்வு ஏற்பாட்டைக் கவனிப்பதும், வங்கிக் கடன் கிடைக்க வழி செய்வதும் அவர்கள் வேலை. உறுப்பினர்கள் யார் என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஒருவரையாவது நேரில் பாருங்கள்.

வேறு மாநிலத்திலிருந்து மீட்கப்பட்டு வந்தவர், அல்லது இங்கிருந்து வேறு மாநிலத்துக்குப் போகிறவர் என்றால், மீட்ட மாவட்டத்திலேயே சான்றிதழும் உடனடி உதவியும் வாங்கிவிட்டு, கோப்பின் நகலைச் சொந்த மாவட்டக் கலெக்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய கடிதத்தின் எண்ணும் தேதியும் மீட்கப்பட்டவர் கையில் இருக்க வேண்டும். ரயில் கிளம்பிய பிறகு அதைத் தேடுவது மகா கஷ்டம்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். மீட்கப்பட்டவரைத் திரும்பத் திரும்பப் பேச வைக்காதீர்கள். அவர் ஒப்புதலோடு ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, அதை நீட்டுங்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கட்டும். உள்ளே போய் நீங்கள் பேசுங்கள்.